முப்பத்தோராவது கேள்வி

பிப்ரவரி 3

தங்கச்சிக்கு,

நான்கு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. ஐந்தாவது தடவையும் செய்தால் எனக்கே என் மேல் மரியாதை போய்விடும் என்பதால் இந்தக் கடிதம். உங்கள் பள்ளிக்குப் போகும் அலுவலகத் தபாலுக்குள் வைத்து அனுப்புகிறேன். கவரின் மேல் ‘செவிலியர் மட்டும் பிரிக்கவும்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். உங்கள் தலைமையாசிரியை இதிலும் மூக்கை நுழைத்தால் நான் பொறுப்பில்லை.

முதலில் அலுவலக விஷயம். நம் கல்வி மாவட்டத்தின் மாணவர் நலக் கொள்கைக்கு இந்த வருடத்தோடு மூன்று வயது. பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு நேரம் விளையாடுகிறார்கள், மனசு சரியில்லை என்றால் யாரிடம் போகிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் விதி எழுதி வைத்தோமே, அது நடக்கிறதா, எதை மாற்ற வேண்டும் என்று இப்போது மதிப்பிட்டாக வேண்டும். மாவட்ட அலுவலகத்து நலப் பிரிவு என்றால் வேறு யாருமில்லை, நானும் ஒரு ஆடுகிற நாற்காலியும்தான். இருபத்து மூன்று பள்ளிகளுக்கு நாற்பத்தாறு கேள்விகள் அனுப்பினேன். இருபத்திரண்டு பள்ளிகளிலிருந்து பதில் வந்துவிட்டது. வராத ஒன்று எது என்று உனக்கே தெரியும்.

‘சொந்தத் தங்கச்சி பள்ளிக்கூடத்திலேயே வாங்க முடியலையா மேடம்?’ என்று எங்கள் நலக் குழுத் தலைவர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

உன் மகள், நம் வாலு, எப்படி இருக்கிறாள்? அரை நாள் பள்ளிக்குப் போகிறாள் என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். அதற்கு மேல் அவரிடமும் ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை. ஐந்து மாதமாக நீ என்னிடம் பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. அதை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

படிவத்தைப் பதினைந்தாம் தேதிக்குள் அனுப்பு.

அக்கா

*

பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய நல அலுவலர் அவர்களுக்கு,

தாங்கள் கேட்ட படிவம் நிரப்பி இணைக்கப்பட்டுள்ளது. தாமதத்துக்கு வருந்துகிறேன். தலைமையாசிரியையின் கையெழுத்தும் முத்திரையும் கடைசிப் பக்கத்தில் உள்ளன.

என் மகள் நலமாக இருக்கிறாள்.

இப்படிக்கு,
பள்ளிச் செவிலியர்

*

பிப்ரவரி 16

அடியே,

‘மதிப்பிற்குரிய’வா? ஆறு வயது வரைக்கும் உனக்குத் தலைவாரிப் பின்னியவள் நான். என்னைத் திட்ட வேண்டும் என்றால் வாய்விட்டுத் திட்டு. இப்படி மரியாதை கொடுத்துக் கொல்லாதே.

உன் படிவத்தைப் பார்த்தேன். ஒன்றைத் தவிர எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’. மற்ற இருபத்திரண்டு பள்ளிகளும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருக்கின்றன. பதில்களைப் படித்தால் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் மாதிரி கொடுத்துவைத்தவர்கள் உலகத்திலேயே கிடையாது. எனக்கே சந்தேகம் வந்து, போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பள்ளிக்குப் போய் மதிய இடைவேளையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். ‘சாப்பிட இருபது நிமிடம் தரப்படுகிறதா?’ ‘ஆம்.’ மணி அடித்ததிலிருந்து மணி அடிக்கும் வரை இருபது நிமிடம், அது உண்மைதான். வரிசையில் நிற்பதற்குப் பதினான்கு நிமிடம் போய்விடுகிறது. கடைசியில் நிற்கிற பிள்ளை தட்டோடு உட்கார்ந்த ஆறாவது நிமிடம் மணி. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடுகிறது. மூன்று வருடமாக மணியை அளந்திருக்கிறோம், ஒரு பிள்ளை சாப்பிடுவதைப் பார்க்கவில்லை. நானே எழுதிய கேள்வி. யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

அது இருக்கட்டும். நாற்பத்தைந்து கேள்விக்கு ‘ஆம்’ போட்ட நீ, முப்பத்தோராவதை மட்டும் ஏன் வெறுமனே விட்டிருக்கிறாய்? ‘ஒவ்வொரு மாணவரின் எடையும் உயரமும் ஆண்டுக்கு இருமுறை அளக்கப்பட்டு, முடிவு பெற்றோருக்கு அனுப்பப்படுகிறதா?’ இதை நீங்கள் ஒழுங்காகச் செய்கிறீர்கள் என்பது எனக்கே தெரியும். உன் பள்ளியைத் தவிர மாவட்டம் முழுக்க ‘ஆம்’, நூற்றுக்கு நூறு வந்திருப்பது இந்த ஒரு கேள்வியில்தான். தலைவருக்கு அதில் அவ்வளவு பெருமை. ஏப்ரல் நான்காம் தேதி குழு கூடும்போது, வருடத்துக்கு இரண்டு முறை என்பதை நான்கு முறையாக்கப் போகிறாராம். ஒரு ‘ஆம்’ போட்டு அனுப்பு. அல்லது ஏன் விட்டாய் என்று சொல்.

இப்போது அந்த இன்னொரு விஷயம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது. ‘நீ நர்ஸ்தானே, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு பிள்ளை சாப்பிடாம உருகிப் போறது உன் கண்ணுக்குத் தெரியலையா?’ உள்ளே அவளுக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே உன்னை நிற்க வைத்துக் கேட்டேன். பயத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டேன். தப்புதான்டி. மன்னித்துவிடு.

அக்கா

*

மார்ச் 1

அக்கா,

நீ வராந்தாவில் கேட்டதற்காக நான் பேசாமல் இருக்கவில்லை. அது நியாயமான கேள்விதான். பதில் சொன்னால் இதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால்தான் பேசவில்லை.

முப்பத்தோராவது கேள்வியை நீ எழுதினாய். அதை எப்படிச் செய்கிறோம் என்று நீ வந்து பார்த்ததில்லை. சொல்கிறேன்.

எங்களிடம் எடை பார்க்கும் மெஷின் ஒன்றுதான். அதை விளையாட்டு ஹாலில் வைப்போம். ஒரு பீரியடுக்கு ஒரு வகுப்பு, நாற்பது பிள்ளைகள். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்பார்கள். நான் மெஷின் பக்கத்தில் நிற்பேன். பதிவேடு பத்தடி தள்ளி மேசையில் இருக்கும், வகுப்பில் கையெழுத்து நன்றாக இருக்கிற பிள்ளை அதில் எழுதும். நான் எண்ணை வாசிப்பேன், அந்தப் பிள்ளை எழுதும். நான் ‘அடுத்தது’ என்பேன். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இப்படித்தான். எனக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான் செய்தாராம். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சீக்கிரம் முடிக்கிறேன் என்று எனக்கு நல்ல பேர்.

போன வருடம் பிப்ரவரியில் என் மகளின் வகுப்பு வந்தது. அவள் முறை வந்தபோது ஏறி நின்றாள். நான் வாசித்தேன். எண்ணை இங்கே எழுதமாட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். யார் என்று நான் பார்க்கவில்லை. ‘அடுத்தது’ என்றேன்.

அந்த வாரம் வீட்டுக்கு அனுப்பும் கடிதங்கள் அச்சாகி வந்தன. உங்கள் அலுவலகத்திலிருந்து வரும் மாதிரிக் கடிதம்தான். ‘எடை அதிகம், கவனம் தேவை’ என்ற கட்டத்தில் டிக் செய்து, செவிலியர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எண்பத்தாறு கடிதங்களில் அவளுடையதும் ஒன்று. போட்டேன். சாயங்காலம் அவள் அதை வீட்டில் மேசைமேல் வைத்தாள். கீழே பெற்றோர் என்ற இடத்திலும் நானே போட்டேன். காலையில் போட்ட அதே பேனா. இரண்டு கையெழுத்தையும் பார்த்துச் சிரித்தேன். ‘பாரு, ஆபீஸும் நானே, அம்மாவும் நானே’ன்னு அவளிடம் காட்டினேன். அவள் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் மதிய டப்பா அப்படியே திரும்பி வர ஆரம்பித்தது. சிநேகிதிகளோடு கேன்டீனில் சாப்பிட்டேன் என்பாள். நம்பினேன். ஆகஸ்டில் மறுபடி எடை பார்த்த அன்று வயிறு வலிக்கிறது என்று வந்து சுகாதார அறைக் கட்டிலில் படுத்துக்கொண்டாள். பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று போட்டேன். செப்டம்பரில் வகுப்பில் மயங்கி விழுந்தாள். அது உனக்குத் தெரியும்.

இதெல்லாம் எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. என்னுடையதுதான் என்று தெரிகிறது.

அதனால்தான் அந்தக் கேள்வியை வெறுமனே விட்டேன். ‘ஆம்’ என்பதுதான் சரியான பதில். என்னால் எழுத முடியவில்லை.

தங்கை

*

மார்ச் 6

கண்ணு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துவிட்டேன். அப்புறம் எழுந்து வெளியே போய், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பியூன் வந்து ‘மேடம், உடம்பு சரியில்லையா?’ என்று கேட்டான். சரியில்லை என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ சொன்னதற்குப் பதிலாக நான் ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை. அத்தானிடம்கூட.

அந்த விதியை நான் முதலில் எழுதியபோது ‘தனியறையில்’ என்ற சொல் அதில் இருந்தது. ‘ஒவ்வொரு மாணவரின் எடையும் உயரமும் தனியறையில் அளக்கப்பட்டு’ என்றுதான் எழுதினேன். பிறகு கணக்கெடுத்துப் பார்த்தால் பாதிப் பள்ளிகளில் அதற்கென்று ஒதுக்க அறையே இல்லை. அப்படியே விட்டால் பாதிப் பள்ளிகள் ‘இல்லை’ என்று எழுதும். முதல் வருடமே கொள்கை தோற்றுப்போனதாகத் தலைவர் சொல்வார். நலப் பிரிவையே மூடிவிடுவார் என்று பயம். பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லை அடித்தேன். எல்லாரும் ‘ஆம்’ என்று சொல்லக்கூடிய ஒரு கேள்வியாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அது நடந்தது. நூற்றுக்கு நூறு.

அடித்த பக்கம் இன்னும் கோப்பில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். நேராகக் கோடு போட்டிருக்கிறேன், ஸ்கேல் வைத்து.

உன்னை வராந்தாவில் நிற்க வைத்துக் கேட்டவள் நான். என்னை யார் கேட்பது?

இந்த விதியை எடுக்கப் போராடப் போகிறேன். எடையே பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. தேவைப்பட்டால் மருத்துவர் தனியாகப் பார்க்கட்டும். வகுப்பை வரிசையில் நிறுத்தி, டிக் போட்டுக் கடிதம் அனுப்பும் வேலை வேண்டாம். ஆனால் நூற்றுக்கு நூறு வாங்கிய விதியை எடு என்றால் குழு கேட்காது. ஏன் என்று காட்ட வேண்டும். உன் ஹாலில் நடந்ததை அறிக்கையில் போட வேண்டும். யாருடைய பெயரும் இருக்காது. ஆனால் மகளும் அதே பள்ளியில் படிக்கிற செவிலியர் இந்த மாவட்டத்தில் நீ ஒருத்திதான். படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். உன் கையெழுத்தும் வேண்டும், இல்லாவிட்டால் கட்டுக்கதை என்பார்கள்.

முடியாது என்றால் ஒரு வரி எழுது, விட்டுவிடுகிறேன். சத்தியமாக.

அக்கா

*

மார்ச் 14

அக்கா,

அந்தச் சொல்லை நீ அடித்ததைப் படித்தேன். உன்மேல் கோபம் வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். வரவில்லை. எனக்கு இப்போது எதுவுமே சரியான நேரத்துக்கு வருவதில்லை. நேற்று சுகாதார அறையில் ஒரு பிள்ளைக்கு முட்டியில் நல்ல அடி, ரத்தம். கட்டுப் போட்டு அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளை அழுததா இல்லையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

எழுதிக்கொள். கையெழுத்துப் போடுகிறேன். என் பெயரையும் வேண்டுமானால் போடு.

வீட்டில் இப்படித்தான் போகிறது. ஒரு நாளைக்கு ஆறு வேளை அவளுக்குச் சாப்பாடு. டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டவணை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. தட்டு முன்னால் நான் உட்கார வேண்டும், ஆனால் தட்டைப் பார்க்கக் கூடாது. அதனால் ஜன்னலைப் பார்க்கிறேன். எதிர் வீட்டுக் கொடியில் என்னென்ன துணி காய்கிறது என்று என்னைக் கேட்டால் மனப்பாடமாகச் சொல்வேன். ஒரு வேளைக்கு நாற்பது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம். அவளும் நானும் பேசிக்கொள்வதில்லை. அவர் இருக்கும் நாட்களில் ஏதாவது ஜோக் அடிப்பார். நாங்கள் இருவரும் மரியாதைக்குச் சிரிப்போம்.

ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் அவளிடம், இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாராம். ‘தெரியலை’ என்றாளாம். அவளுக்கு அந்த ஹால் ஞாபகம் இல்லை என்றே நினைக்கிறேன். நானாகப் போய் எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்? இப்போதுதான் கொஞ்சம் தேறி வருகிறாள். அவளிடம் கேட்கமாட்டேன். கேட்காமலே எழுதிக்கொள்.

தங்கை

*

மார்ச் 19

கண்ணு,

அவளிடம் கேட்காமல் எழுதமாட்டேன்.

நீ கையெழுத்துப் போடலாம், நானும் போடலாம். ஆனால் மெஷின்மேல் ஏறி நின்றது அவள். ஹால் நிறைய பேர் முன்னால் ஒரு தடவை அவளைக் கேட்காமல் அவளைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது. இப்போது இருபத்து மூன்று பள்ளிக்கும் அச்சடித்து அனுப்பினால் அதுவும் அதே வேலைதான். பதினான்கு வயசு. குழந்தையில்லை. வேண்டாம் என்று அவள் சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன், தலைவர் நான்கு முறையோ நாற்பது முறையோ ஆக்கிக்கொள்ளட்டும். நான் வேறு வழி பார்க்கிறேன்.

உனக்குப் பயமாக இருக்கிறது. எனக்குத் தெரியும். அவளுக்கு ஞாபகம் இல்லை என்று நீ நினைக்கிறாய், அப்படியே இருக்கட்டும் என்றும் நினைக்கிறாய். பூசி மெழுகாமல் சொல்கிறேன், அவள் பைக்குள் வைத்துக்கொண்ட அந்தக் கடிதம் எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறாய்?

தலைவரிடம் ஜாடையாக ஆரம்பித்துப் பார்த்தேன். ‘ஏதோ ஒரு பிள்ளைக்கு ஆச்சுன்னு நல்ல விதியைத் தூக்கிப் போடுவாங்களா மேடம்?’ என்றார். அந்த ஏதோ ஒரு பிள்ளைக்கு நான் பெரியம்மா என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். கூட்டத்தில் ‘தனியறையில்’ என்ற சொல்லை அடித்தது நான்தான் என்று நானே சொல்லப் போகிறேன். அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். அந்த நாற்காலி போனாலும் போகட்டும், எப்படியும் அது ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

அறிக்கையின் பதினோராம் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உன் பள்ளியில் நடந்தது அதில் இருக்கிறது. அடியில் செவிலியரும் பெற்றோரும் கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறேன். நீ படித்துப் பார். அவளும் படிக்கட்டும். ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் பென்சிலால் எழுதி அனுப்பு. இரண்டாம் தேதிக்குள் கையில் கிடைத்தால் போதும்.

வற்புறுத்தவில்லை. காத்திருக்கிறேன்.

அக்கா

*

மார்ச் 30

அக்கா,

கேட்டேன்.

உன் கவர் எட்டு நாள் என் கைப்பையிலேயே இருந்தது. நேற்று மாலை நான்கு மணிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எடுத்து மேசைமேல் வைத்தேன். பெரியம்மா எழுதியது, உன்னைப் பற்றி, நீ வேண்டாம் என்றால் கிழித்துவிடலாம் என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் படித்தாள். ஒரு பக்கம்தானே, வெகு நேரம் படித்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘இது சரியில்லை’ என்றாள்.

வேண்டாம் என்கிறாள் என்று நினைத்து, சரி, கிழித்துவிடலாம் என்று கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

‘நடந்த மாதிரி இல்லைங்கிறேன். செவிலியர் எடையை வாசித்தார், பிறகு அடுத்த மாணவரை அழைத்தார்னு இருக்கு. அப்படி நடக்கலையே.’

‘அப்படித்தானேம்மா நடந்துச்சு?’

‘நீ சொன்னது எழுதுற பொண்ணுக்குக் கேட்கலை. ஹால்ல ஒரே சத்தம். எவ்வளவு மிஸ்னு கேட்டா. நீ திரும்பி, எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்கன்னு அதட்டினே. எல்லாரும் மூடிட்டாங்க. அப்புறம் இன்னொரு தடவை சொன்னே. சத்தமா. முதல் தடவை ஒருத்தரும் கவனிக்கலைம்மா. ரெண்டாவது தடவை சொன்னப்பதான் சிரிச்சாங்க.’

கோபமாகச் சொல்லவில்லை, அக்கா. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருப்பாளோ, ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

எனக்கு அது ஞாபகம் இல்லை. நேற்று இரவு முழுக்க யோசித்தேன், இப்போதும் ஞாபகம் வரவில்லை. ஆனால் அந்தக் குரல் என்னுடையதுதான். சத்தம் போட்டால் நான் அப்படித்தான் அதட்டுவேன்.

‘டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லலை?’ என்றேன்.

‘நீ பக்கத்துல உட்கார்ந்திருந்தே.’

அதற்கப்புறம் என்னால் ஜன்னலைப் பார்க்க முடியவில்லை. அவளைப் பார்த்தேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நான் அழுகிறேன் என்பது எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் அழவில்லை. பென்சிலை எடுத்து வா என்றாள்.

நான் பென்சில் எடுத்து வந்தேன். அவளே எழுதினாள். திருத்திய பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். மூன்று வரி சேர்த்திருக்கிறாள். எழுத்து சின்னதாக இருக்கும், கண்ணாடி போட்டுப் படி. குழுவில் வாசிக்கும்போது அவள் எழுதியபடியே வாசிக்க வேண்டுமாம். ஒரு தடவை வாசித்தால் போதுமாம்.

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். செவிலியர் என்ற இடத்தில் மட்டும். பெற்றோர் என்ற இடத்தில் போடப் போனேன். ‘அங்கே அப்பா போடட்டும்’ என்று சொல்லி என் கையிலிருந்து பேனாவை வாங்கி வைத்துவிட்டாள்.

தங்கை